கலெக்டருக்குப் போட்ட இன்சுலின்

அந்தச் சின்ன டாக்டரை நான் அவ்ளோ சத்தம் போட்டிருக்கக் கூடாதுதான். தி.நகர்ல நான் கடைசியா வேலை பாத்த மிருக ஆஸ்பத்திரி அது. ரிடையர் ஆனவன் சும்மா இருக்காம, பழைய ஆளுங்க மூஞ்சியப் பாத்துட்டு வரலாம்னு போனேன். அவரு ஃபிரிட்ஜைத் திறந்து, இன்சுலின் பாட்டிலை எடுத்து மேல ஐஸ் கட்டி புடிக்கிற அறைக்குள்ள வெச்சாரு. "வெயில் ஜாஸ்தி பாய், உள்ளயே இருக்கட்டும்"னாரு. "எடுய்யா வெளியில!"ன்னு நான் போட்ட கத்துல, பெஞ்சுக் கால்ல கட்டியிருந்த நாயி கூட எழுந்து நின்னுடுச்சு.

"ஒரு பாட்டிலுக்கா பாய் இவ்ளோ கோவம்?"னு கேட்டாரு. நல்ல புள்ள, மூஞ்சி வாடிப் போச்சு. அந்தக் கோவம் அவரு மேல இல்லன்னு எப்படிச் சொல்றது? அங்க நின்னுக்கினு சொல்ற கதை இல்ல இது. அதான் இப்போ எழுதிக் கொடுக்கிறேன். படிச்சுட்டு அவரு என்ன வேணா நெனைச்சுக்கட்டும்.

எங்கப்பாவுக்கு மயிலாப்பூர் குளத்தங்கரையில வளையல் கடை. கம்பவுண்டர் பரீட்சையில ரெண்டு தரம் கோட் அடிச்சு, மூணாந்தரம் பாஸ் பண்ணினேன். படிப்பைப் பத்திப் பேச அவ்ளோதான் இருக்கு. லஸ் பக்கத்துச் சந்துல மாடு, குதிரை, நாய் பாத்துக்கினு இருந்த டாக்டர் கோதண்டபாணிகிட்ட போய் நின்னேன். "வளையல்காரன் புள்ளயா? ஒடையாம ஏத்துற கை. நாளைக்கு வா"ன்னாரு. முப்பதுகள்ல அவரு போய்ச் சேர்ற வரைக்கும் அவருகிட்டதான் இருந்தேன்.

அந்த மனுஷனைப் பத்திச் சொல்லணும். முதல் உலகச் சண்டையில பட்டாளத்துக் குதிரைக்கும் கோவேறு கழுதைக்கும் வைத்தியம் பாத்தவரு. மிருகம் எதுவா இருந்தாலும் 'வாங்க, உக்காருங்க, வலிக்குதா'ன்னு மரியாதையாத்தான் பேசுவாரு. மனுஷன் எவனா இருந்தாலும் 'நீ'. ஐகோர்ட்டு வக்கீலா இருந்தாலும் 'நீ'தான். ஒருநாள் மாடவீதி மாமி ஒருத்தி தாங்க முடியாம கேட்டே புட்டா. "ஏன் டாக்டர், எங்காத்துப் பசுவை வாங்கோன்னு கூப்பிடறேள், என்னை மட்டும் 'வா, நீ'ங்கறேளே, நன்னாருக்கா?" அவரு கையைக் கழுவிக்கினே, "பசு உதைக்கும், நீ உதைக்க மாட்டே"ன்னாரு. மாமி அதுக்கு அப்புறமும் அவருகிட்டதான் வந்தா. கைராசி அப்படி.

இன்னொரு பழக்கம். ஒரு மிருகம் செத்துப் போச்சுன்னா, சொந்தக்காரங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடி பூரா கையையும் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவுவாரு. கழுவி, துடைச்சு, அப்புறம்தான் வாயைத் திறப்பாரு. பொய் சொல்ல மாட்டாரு. 'நீ லேட்டா கூட்டிட்டு வந்தே, அதான் போச்சு'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாரு. ஜனங்க அழுதுக்கினே போவாங்க. எனக்கே சில சமயம் இவரு என்ன மனுஷன்னு இருக்கும்.

சவரிமுத்து வந்தது ஒரு மார்கழி மாசம். அடையாத்துல ஒரு பெரிய பங்களாவுல பட்லரா இருந்தவரு. துரை குடும்பத்தோட சீமைக்குப் போயிட்டாரு. பங்களாவை வாங்கின செட்டியார் இவரைக் காவலுக்கு வெச்சுக்கிட்டு, பின்னாடி ஒத்தை ரூம்ல குடியிருக்க விட்டிருந்தாரு. பிறந்தது சாந்தோம் கடலோரத்து மீன்காரக் குடும்பம். ஆனா வலை புடிச்ச கை இல்ல, புட்டிங் கிண்டின கை. பெண்சாதி முன்னாடியே போயிட்டா. மேரின்னு ஒரே பொண்ணு, அவளும் பதினெட்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. மிச்சம் இருந்தது அவ வளர்த்த பூனை ஒண்ணுதான்.

ரொட்டிக் கூடையில போட்டு, மேல துண்டைக் கட்டி, தலையில வெச்சுத் தூக்கிட்டு வந்தாரு. திறந்தா, மஞ்சளும் வெள்ளையுமா ஒரு கடுவன். ஒரு காலத்துல நல்லா கொழுத்திருந்தது தோல் தொங்கறதுலயே தெரிஞ்சுது.

"பேரு இன்னா?"ன்னேன்.

"கலெக்டரு. துரை நாற்காலியில ஏறிக் குந்திக்கினு ஒரு வேலையும் செய்யாது. அதான் என் பொண்ணு கலெக்டருன்னு வெச்சுது."

டாக்டர் சிரிக்கல. "வாங்க கலெக்டர்"னு கூடையிலேர்ந்து தூக்கி மேசையில வெச்சாரு. "எத்தினி நாளா இவரு எளைச்சுக்கினு போறாரு?"

"தீவாளிலேர்ந்து சார். துன்றதுக்குக் கொறையில்ல. தண்ணி மொடாக் கணக்கா குடிக்குது. இன்னொண்ணு சார்... சொல்லவே வெக்கமா கீது. அது ஒண்ணுக்குப் போற மண்ணுல எறும்பு மொய்க்குது."

டாக்டர் என்னைத் திரும்பிப் பாத்தாரு. அந்தப் பார்வையில ஒரு ஆசை இருந்துச்சு, இப்பவும் எனக்குக் கண்ணுல நிக்குது. சக்கரை வியாதி வந்த மனுஷனுக்குப் போட இன்சுலின் மெட்ராஸுக்கு வந்து சில வருஷம் ஆயிடுச்சு. பூனைக்குப் போட்டவங்க இந்த ஊர்ல யாரும் இருக்கறதா நாங்க கேள்விப்படல. மருந்துக்கு நானாச்சுன்னு டாக்டரே ஏத்துக்கிட்டாரு.

அதுலேர்ந்து தினமும் காலையில நான் சைக்கிள்ல அடையாறு பாலம் தாண்டிப் போவேன். வேலை ஒழுங்கு இப்படி. பூனை போற தட்டுல மண்ணைக் கொட்டிட்டு, கழுவின கூழாங்கல்லைப் பரப்பணும். அப்பதான் மூத்திரம் அடியில தங்கும். அதுல சில சொட்டு எடுத்து, சோதனைக் குழாயில நீலத் திராவகத்தோட சேத்து, ஸ்பிரிட் விளக்குல காய்ச்சணும். நீலமாவே நின்னா சக்கரை இல்ல. பச்சையானா கொஞ்சம், மஞ்சளானா ஜாஸ்தி, செங்கல் கலர் வந்தா ஆபத்து. முதல் நாளு செங்கல் கலர்தான் வந்துச்சு. கண்ணாடி ஊசியையும் சிரிஞ்சையும் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, பாட்டிலை உள்ளங்கையில மெதுவா உருட்டி, கழுத்துக்குப் பின்னாடி லூசா இருக்கிற தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் புடிச்சுப் போடணும். சாயங்கால ஊசியை சவரிமுத்துவே போடக் கத்துக்கிட்டாரு. போடறதுக்கு முன்னாடி சிலுவை போட்டுக்குவாரு.

இன்சுலினை வெக்கிறதுதான் பெரிய பாடு. ஃபிரிட்ஜ் எல்லாம் அப்போ ஏது? பெரிய மண்சட்டியில ஈர மணல், அதுக்குள்ள சின்னச் சட்டி, சின்னச் சட்டிக்குள்ள துணி சுத்தின பாட்டில். மேல ஈரத்துணி, காத்து வர்ற இடம், வெயில் படாத மூலை. தை, மாசியில அதுவே போதும். பாட்டில் தொட்டா ஜில்லுன்னு இருக்கும்.

மருந்து வேலை செஞ்சுது. செங்கல் கலர் மஞ்சளாச்சு, மஞ்சள் பச்சையாச்சு. ஒருநாள் காலையில நான் உள்ள போறேன், கலெக்டர் ஜன்னல் மேல ஏறி உக்காந்து முதுகை நக்கிக்கினு இருக்காரு. சவரிமுத்து ஓடி வந்து என் கையைப் புடிச்சுக்கினாரு. "கம்பவுண்டரே, நேத்து மேரி கட்டில்ல ஏறிப் படுத்துக்கிச்சு! அவ போனதுக்கப்புறம் இப்பதான் ஏறுது"ன்னாரு. அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்த சந்தோஷம் பூரா அந்த நாலு காலுமேலதான் நின்னுக்கினு இருந்துச்சுன்னு அன்னிக்கு எனக்குப் புரிஞ்சுது.

அப்புறம் சித்திரை வந்துச்சு. அந்த வருஷ வெயில், அப்பப்பா! மண்சட்டி மணல் காலையில ஊத்தின தண்ணியை மத்தியானமே குடிச்சுடுச்சு. டாக்டர் ஒருநாள் தானே வந்து பாட்டிலைத் தொட்டுப் பாத்தாரு. "இது தாங்காது. இனிமே ஐஸ்ல வை. மருந்து சூடேறக் கூடாது, புரியுதா?"ன்னு சவரிமுத்துகிட்ட சொன்னாரு.

அவரு மூஞ்சி அப்படியே பூத்துடுச்சு. "ஐஸா? அதை என் கையில வுட்டுடுங்க சார். முப்பது வருஷம் ஐஸோட பொழைச்சவன் நானு. என் பொண்ணு காய்ச்சல்ல கெடந்தப்போ ஐஸ் பையை நான்தான் மாத்தி மாத்தி வெச்சேன், ஒருத்தரையும் தொட வுடல. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரு என் தோளைத் தட்டி, 'உன் மேல ஒரு குறையும் இல்லப்பா, நல்லாத்தான் பாத்துக்கினே'ன்னு சொல்லிட்டுப் போனாரு. அந்த ஒரு வார்த்தையிலதான் சார் நான் உசுரோட கீறேன்."

"அப்போ சரி"ன்னுட்டு டாக்டர் கிளம்பிட்டாரு.

ஐஸ் கம்பெனியிலேர்ந்து மரத்தூள் போட்டு கோணியில சுத்தின கட்டி தினமும் வாங்கியாந்தாரு. காலையில நான் போறப்போ பாட்டில் மேசை மேல துணியில தயாரா இருக்கும். 'ஊசி போடறதுக்கு முன்னாடி வெளிய எடுத்து வை, ரொம்ப ஜில்லுன்னு உள்ள போனா வலிக்கும்'னு நாங்க ஆரம்பத்துல சொன்னதை அப்படியே செஞ்சாரு. நான் அங்க இறங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே எடுத்து வெச்சிருப்பாரு. மருந்து தண்ணி மாதிரி தெளிவாத்தான் இருக்கும். நானும் உருட்டி, இழுத்து, போட்டுட்டு வருவேன்.

ஒரு வாரம் போகல, பச்சை மஞ்சளாச்சு. அப்புறம் செங்கல். கலெக்டர் ஜன்னல்லேர்ந்து இறங்கிட்டாரு. தண்ணித் தொட்டிகிட்டயே படுத்துக் கெடந்தாரு. டாக்டர் அளவை ஏத்தினாரு. கேக்கல. மறுபடி ஏத்தினாரு. கொஞ்சம் கேட்ட மாதிரி இருந்துச்சு, அப்புறம் அதுவும் இல்ல. ஆரம்பத்துல போட்டதைப் போல மூணு பங்கு போட்டுக்கினு இருந்தோம். "வியாதி முத்திடுச்சுடா காதர்"ன்னு டாக்டர் சொன்னாரு. நாங்க ரெண்டு பேருமே அதை நம்பினோம்.

பாட்டில் தீந்துபோச்சு. மவுண்ட் ரோடு மருந்துக் கடையிலேர்ந்து புதுசு வாங்கி, தெர்மாஸ்ல வெச்சு, நேரா அடையாத்துக்குப் போய், அந்தப் பெரிய அளவைப் போட்டேன். மிச்சத்தை சவரிமுத்து வாங்கிக்கினாரு. கலெக்டர் கொஞ்சம் மீன் தின்னாரு. நான் சைக்கிளை எடுத்துட்டு லஸ்ஸுக்கு வந்துட்டேன்.

மத்தியானத்துக்கு முன்னாடியே கை ரிக்ஷா வாசல்ல வந்து நின்னுச்சு. சவரிமுத்து கூடையோட குதிச்சு இறங்கினாரு, கால்ல செருப்பு இல்ல. "சார்! குடிச்சவன் மாதிரி தள்ளாடிச்சு சார்! வுழுந்துடுச்சு சார்!" கூடைக்குள்ள கலெக்டர் காலெல்லாம் இழுத்துக்கினு துடிக்கிறாரு. பல்லு கிட்டிப் போச்சு. டாக்டர் ஒரு பார்வையிலயே கண்டுபுடிச்சாரு. "சக்கரை எறங்கிப் போச்சு! காதர், குளுக்கோஸ்!" ஈறுல சக்கரைப் பாகைத் தேய்ச்சோம். தோலுக்கடியில குளுக்கோஸ் ஏத்தினோம். "வாங்க கலெக்டர், வந்துடுங்க, வந்துடுங்க"ன்னு டாக்டர் அது காதுகிட்ட சொல்லிக்கினே இருந்தாரு. சவரிமுத்து மேசைக் காலைப் புடிச்சுக்கினு தரையில குந்திட்டாரு. துடிப்பு நின்னப்போ, சரியாயிடுச்சுன்னு நெனைச்சு அவரு எழுந்தாரு. அய்யோ, அந்த மூஞ்சியை நான் என்னத்தச் சொல்ல.

டாக்டர் கை கழுவ ஆரம்பிச்சாரு. ரொம்ப நேரம் கழுவினாரு. முந்தா நாளு போட்ட அதே அளவு. முந்தா நாளு ஒண்ணுமே கேக்காத உடம்பு, இன்னிக்கு எப்படி இப்படித் தாக்கும்? அவருக்கும் தெரியல. வாயைத் திறக்காமயே அனுப்பிட்டாரு. அவரு அப்படி அனுப்பி நான் பாத்ததே இல்ல.

சில நாள் கழிச்சு சவரிமுத்து மறுபடி வந்தாரு. தோள்ல ஒரு மரவாளி. துரைசானி சீமைக்குப் போறப்போ கொடுத்துட்டுப் போன ஐஸ்க்ரீம் வாளி அது. வெளிய மரம், நடுவுல தகர டப்பா, சுத்தி ஐஸ். "சார், அந்த புது மருந்து ஒரே ஒரு தரம் போட்டதோட அப்படியே கீது. வேற யாருக்கனா ஆவும். கெடாம வெச்சுக்கினு இருக்கேன், பாருங்க"ன்னு தகர டப்பாவைத் திறந்து பாட்டிலை எடுத்து டாக்டர் கையில கொடுத்தாரு.

பாட்டிலுக்குள்ள மருந்து வெள்ளையா, கல்லு மாதிரி உறைஞ்சிருந்துச்சு.

டாக்டர் அதைக் கவுத்துப் பாத்தாரு. அசையல. வாளியில இருந்த ஐஸைத் தொட்டு, விரலை நாக்குல வெச்சாரு. "உப்பு"ன்னாரு மெதுவா.

"ஆமா சார். கல்லுப்பு போடாம ஐஸ் இன்னாத்துக்கு சார்? சும்மா ஐஸ்ல க்ரீம் உறையாது. உப்பு அள்ளிப் போட்டாதான் குளிர் புடிக்கும். ஒருநாள் கூட நான் உப்புல கஞ்சத்தனம் பண்ணதில்ல."

இன்சுலின் ஒரு தரம் உறைஞ்சா வீரியம் போச்சு. மறுபடி எளகினா பாக்கறதுக்கு அதே மாதிரி தெளிவா இருக்கும், ஆனா வெறும் தண்ணிக்கு சமானம். சித்திரை பூரா நாங்க போட்டது அதைத்தான். கேக்கலன்னு அளவை ஏத்திக்கினே போனோம். கடைசியா கடையிலேர்ந்து வந்த நல்ல மருந்து, உப்பு ஐஸைப் பாக்காத மருந்து, அந்த ஏத்தின அளவுல ஒரே ஊசியில ஆளை அடிச்சுடுச்சு. இது சரியா எனக்குப் புரிஞ்ச நேரத்துல, டாக்டருக்கும் புரிஞ்சுடுச்சுன்னு அவரு கழுத்து நரம்பு சொல்லிச்சு.

சவரிமுத்து கையைக் கட்டிக்கினு நின்னாரு. "சார், ஒண்ணு கேக்கணும். என் மேல ஏதுனா தப்பு கீதா சார்? ராவெல்லாம் அதே நெனப்பு."

கோதண்டபாணி சார் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். "உன் மேல என்ன தப்பு? நல்லாத்தான் பாத்துக்கினே. போ"ன்னாரு. சவரிமுத்து அப்படியே அழுதுட்டாரு, ஆனா தோள் நிமிந்துதான் போனாரு.

அவரு தலை மறைஞ்சதும் டாக்டர் பாட்டிலை சுவத்துல அடிச்சு ஒடைச்சாரு. "சூட்டுக்குப் பயப்படுன்னு சொன்னேன். குளிருக்குப் பயப்படுன்னு இந்த ஊர்ல நான் எவன்கிட்டடா சொல்லுவேன்? மெட்ராஸ்ல எதுடா உறையும்?" என்னைப் பாத்து கேட்டாரு. நான் குனிஞ்சு கண்ணாடித் துண்டைப் பொறுக்கினேன்.

விஷயம் அதோட முடிஞ்சிருந்தா நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். ஆடி மாசம் குளத்தங்கரை சந்தையில சவரிமுத்துவைப் பாத்தேன். துணிப்பை நிறைய கல்லுப்பு. முகத்துல பழைய களை கொஞ்சம் வந்திருந்துச்சு.

"நைனா, உனக்கு ஒரு சங்கதி தெரியுமா? எங்க எதிர் வூட்டு தந்தி ஆபீஸ்காரரு பொண்ணு, மேரியை விட சின்னது. அதுக்கும் சக்கரை வியாதியாம். இன்சுலினு எழுதிக் கொடுத்துட்டாங்க. அந்த ஐயரு ஐஸைக் கண்டாரா? 'ஐயா, என்கிட்ட குடுங்க, நான் வெச்சுத் தர்றேன், எங்க டாக்டரே நல்லா பாத்துக்கினேன்னு சொல்லிக்கீறாரு'ன்னேன். இன்னிக்கு சாயங்காலம் பாட்டில் வருது. கலெக்டருக்குத்தான் கொடுத்து வெக்கல. அந்தப் புள்ளையாவது பொழைக்கட்டும்."

யா அல்லா! நான் என்ன சொல்லிட்டு அங்கேர்ந்து நழுவினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஓட்டமும் நடையுமா லஸ்ஸுக்கு வந்தேன். டாக்டர் ஒரு ஆட்டுக்குக் கால்ல தையல் போட்டுக்கினு இருந்தாரு. நான் சொன்னதைக் கேட்டும் தையலை நிறுத்தல. முடிச்சாரு, ஆட்டைத் தட்டிக் கொடுத்தாரு, முழங்கை வரைக்கும் கழுவினாரு. "ஜட்கா கூப்பிடு"ன்னாரு.

சவரிமுத்து ரூம் வாசல்ல வாளியை அலம்பிக் கவுத்து வெச்சிருந்தாரு. கோணியில ஐஸ் கட்டி, பக்கத்துல உப்பு. எங்களைப் பாத்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க சார்! என்னைத் தேடி வந்துக்கீறீங்க!"

"உக்காருங்க சவரிமுத்து"ன்னாரு டாக்டர்.

சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு. "என்னை எதுக்கு சார் உக்காருங்கன்றீங்க?"

டாக்டர் அந்தக் கவுத்த வாளி பக்கத்துல தரையிலயே உக்காந்தாரு. எல்லாத்தையும் சொன்னாரு. உப்பு போட்டா குளிர் எவ்ளோ கீழ போகும், மருந்து எப்படி உறையும், எப்படிச் செத்துப் போகும், அளவை ஏன் ஏத்தினோம், கடைசி ஊசி ஏன் கொன்னுச்சு. 'ஐஸ்ல வைன்னு சொன்ன நான் உறைய விடாதேன்னு சொல்லல, தப்பு என்னுது'ன்னு ரெண்டு தரம் சொன்னாரு. சவரிமுத்து அதைக் கேட்ட மாதிரியே தெரியல.

"அப்போ நான் உப்பு போடாம இருந்தா கலெக்டரு இருந்திருக்கும்."

"இருந்திருப்பாரு."

"நல்லாத்தான் பாத்துக்கினேன்னு சொன்னீங்களே சார்."

"பொய் சொன்னேன். நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன்."

"அதையே இன்னும் சொல்லிக்கினு இருந்திருக்கலாமே சார்."

"அந்தப் பொண்ணு இருக்குதே"ன்னாரு டாக்டர்.

சவரிமுத்து தலையை ஆட்டினாரு. ஒத்துக்கிட்டாரு. எழுந்து, உப்பை அள்ளிப் பையில போட்டு, பை வாயை இழுத்துக் கட்டி, என் கையில கொடுத்தாரு. "எடுத்துக்கினு போயிடுங்க கம்பவுண்டரே. ஐயருகிட்ட நீங்களே எப்படி வெக்கணும்னு சொல்லிக் குடுத்துடுங்க"ன்னாரு. நான் வாங்கிக்கினேன். சொல்லியும் கொடுத்தேன். அந்தப் பொண்ணுக்கு மருந்து கெடல.

நாங்க வாசப்படி இறங்கறப்போ அவரு பின்னாலேர்ந்து கூப்பிட்டாரு. அழுகை இல்ல, கோவம் இல்ல. தெரிஞ்சுக்கணும்னு கேக்கற குரல்தான்.

"சார், மேரிக்கு ஐஸ் வெச்சதும் நான்தானே. அந்தப் பெரிய டாக்டரும் இதே மாதிரிதான சொன்னாரு, உன் மேல ஒரு குறையும் இல்ல, நல்லாத்தான் பாத்துக்கினேன்னு. அவரும் நான் தாங்க மாட்டேன்னுதான் அப்படிச் சொன்னாரா?"

டாக்டர் திரும்பி நின்னாரு. அவரு மேரியைப் பாத்ததே இல்ல, என்னன்னு சொல்லுவாரு? 'இல்ல'ன்னு சொன்னாலும் இனிமே அந்த மனுஷன் நம்பப் போறதில்ல. ஜட்காக்காரன் நேரமாச்சுன்னு குரல் கொடுத்தான். சவரிமுத்து பதிலுக்காக வாசல்லயே நின்னுக்கினு இருந்தாரு, நாங்க வண்டியில ஏறினோம்.